உங்களுக்குத் தெரியுமா? போடி மலைக்காற்றும் பாராமோட்டாரும்

மலை தேவையில்லை

முதுகில் விசிறி இன்ஜினைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேல் துணிச் சிறகை எழுப்பி, தரையில் ஓடி வானேறும் கருவிதான் பாராமோட்டார். மோட்டார் பாராகிளைடர் என்றும் சொல்வார்கள். இது கிளம்ப மலையுச்சி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இன்ஜின் இல்லாத பாராகிளைடருக்குத்தான் சரிவு வேண்டும். பாராமோட்டாருக்குத் தடையில்லாத சமதரையும், முகத்துக்கு நேரே வீசும் மெல்லிய காற்றும் போதும். தேனி மாவட்டத்தின் போடி, அதாவது போடிநாயக்கனூர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் போடிமெட்டு 1,400 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அந்தச் சரிவைப் பார்த்துவிட்டுப் பறக்க ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் இன்ஜினோடு கிளம்ப ஏற்ற இடம் அந்த மலை அல்ல. மலையிலிருந்து விலகி, ஊருக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் சமவெளிதான். ஏன் என்பதைப் பார்ப்போம்.

ஓட்டத்தின் கணக்கு

துணிச் சிறகு ஒரு மனிதரையும் இன்ஜினையும் தூக்கவேண்டுமானால், அதன்மீது காற்று மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில் படவேண்டும். எதிர்க்காற்று 10 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், விமானி ஓடவேண்டியது 15 அல்லது 20 தான். காற்றே இல்லையென்றால் முழு வேகத்தையும் கால்கள் கொடுக்கவேண்டும். அதே 10 கிலோமீட்டர் காற்று முதுகுப்பக்கமிருந்து வீசினால் 35, 40 என்று ஓடவேண்டும். முதுகில் 25, 30 கிலோ எடையோடு அப்படி ஓட யாராலும் முடியாது. காற்றை எதிர்த்துக் கிளம்பு என்று எல்லாப் பயிற்சியாளர்களும் முதல் நாளே சொல்வது இந்தக் கணக்கினால்தான்.

விடிகாலையில் மலைக்காற்று எதிர்ப்பக்கம் வீசும்

போடி மலைச்சரிவைப் பற்றி ஒரே ஒரு செய்தி மட்டும் சொல்லலாம் என்றால், நான் சொல்வது இதைத்தான்.

இரவெல்லாம் மலையின் மேல்பகுதி குளிர்கிறது. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவு வழியாகக் கீழே இறங்குகிறது. ஆற்றுப் பள்ளங்களிலும் ஓடைகளிலும் இந்த இறக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். கொட்டகுடி ஆற்றோரம் விடிகாலையில் நடந்தவர்கள் மலைப்பக்கமிருந்து வரும் அந்தக் குளிரை உணர்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் சரிவில் நின்று கீழ்நோக்கி ஓடினால் என்ன ஆகும்? காற்று முதுகிலிருந்து வரும். ஊரில் இலை அசையாமல் இருப்பதால் காற்றே இல்லை என்று தோன்றும். சரிவிலோ அது மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் தவறான திசையில் நகர்ந்துகொண்டிருக்கும்.

போடிப் பக்கச் சரிவுகள் பெரும்பாலும் கிழக்கு பார்த்தவை. காலை வெயில் நேராக அவற்றின்மேல்தான் விழும். வெயில் ஏறியதும் பாறையும் புல்லும் சூடாகி, காற்று திசை மாறிச் சரிவு வழியே மேலேறத் தொடங்கும். இன்ஜின் இல்லாமல் பறப்பவர் காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். ஆனால் நண்பகலுக்குள் அதே வெயில் வெப்பக் குமிழ்களை எழுப்பிக் காற்றைக் கலக்கிவிடும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் கிழக்குச் சரிவு சீக்கிரமே நிழலில் விழுகிறது. சமவெளி இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும்போதே சரிவில் குளிர்ந்த காற்று இறங்க ஆரம்பித்துவிடும். ஊரில் மணி நான்கரை, வெயில் நன்றாக இருக்கிறது என்று நினைத்து மேலே போகிறவர் இந்த மாற்றத்தை எதிர்பார்ப்பதில்லை.

சமவெளியில் பாராமோட்டாருக்கு நல்ல நேரம் சூரிய உதயத்தை ஒட்டிய ஓரிரு மணி நேரம். மாலையில் வெயில் தணிந்தபின் சிறிது நேரம். மற்ற நேரமெல்லாம் மண்ணின் சூடு காற்றை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

ஆடிக் காற்று

அம்மியையும் பறக்கவிடும் என்று நம் பழமொழி சொல்லும் ஆடிக் காற்று தேனி மாவட்டத்தில் வெறும் பேச்சல்ல. தமிழ்நாட்டில் காற்றாலைகளுக்குப் பேர்போன கணவாய்கள் நான்கு: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம். தென்மேற்குப் பருவத்தில் கேரளத்திலிருந்து வரும் காற்று இந்த இடைவெளிகளில் நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது. மலைமுகட்டைத் தாண்டிய காற்று போடிப் பக்கம் விழும்போது நேராக விழுவதில்லை, சுருண்டு சுருண்டு விழுகிறது. விமானிகள் இதை ரோட்டார் என்பார்கள். காற்றழுத்தத்தால் மட்டுமே விறைத்து நிற்கும் துணிச் சிறகு அந்தச் சுழலுக்குள் போனால் ஒரு பக்கம் அப்படியே மடங்கிவிடும்.

இன்னொன்று: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். 10 கிலோமீட்டர் காற்றில் சிறகைச் சமாளித்தவர் 20 கிலோமீட்டர் காற்றில் தரையோடு இழுபடுவது இதனால்தான்.

இமாச்சலப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பாராகிளைடிங்குக்கு அரசே தடை போடுகிறது. போடியில் ஆனி முதல் ஆவணி வரை அப்படியொரு தடையைப் பறப்பவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளவேண்டும்.

தென்னந்தோப்பும் சுழல் உண்டாக்கும். மரம், கட்டடம், மேடு எதுவானாலும், காற்று அதைக் கடந்தபின் அதன் உயரத்தைப்போல் ஐந்து மடங்கு, சில சமயம் பத்து மடங்கு தூரம் வரை குழம்பியே வரும். 20 மீட்டர் உயரத் தோப்புக்கு 100 மீட்டர் தள்ளி நின்றாலும் போதாமல் போகலாம். திடலைத் தேர்ந்தெடுக்கும்போது திடலை மட்டும் பார்த்தால் போதாது. காற்று வரும் திசையில் என்னென்ன நிற்கிறது என்று பார்க்கவேண்டும். தோப்பு நிறைந்த போடிப் பக்கம் இது சின்ன விஷயமல்ல.

உயரத்தில் இன்ஜினும் இளைக்கும்

போடிமெட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 13 சதவீதம் குறைவு. அதற்கும் மேலே இருக்கும் கொழுக்குமலையின் 2,100 மீட்டரில் கிட்டத்தட்ட 19 சதவீதம் குறைவு. சிறகு அதே எடையைத் தூக்க இன்னும் வேகமாக ஓடவேண்டும். ஆனால் காற்றை உறிஞ்சி எரிக்கும் இன்ஜினின் வலுவும் அதே அளவு குறைந்திருக்கும். கூடுதல் ஓட்டம் தேவைப்படும் இடத்தில் குறைந்த உந்துதல்தான் கிடைக்கும். கோடையில் ஊரிலேயே இது நடக்கும். 35 டிகிரி வெயிலில் போடியில் காற்றின் அடர்த்தி, குளிர்ந்த கடற்கரையில் இருப்பதைவிடப் பத்து சதவீதம் போலக் குறைந்திருக்கும்.

இன்ஜின் தூக்குவதில்லை

இது தெரியாமல் விழுந்தவர்கள் அதிகம். பாராமோட்டார் இன்ஜின் தரும் உந்துவிசை பொதுவாக 50 முதல் 80 கிலோ. விமானி, இன்ஜின், எரிபொருள் எல்லாம் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே இன்ஜின் தள்ள மட்டுமே செய்யும். தூக்குவது சிறகுதான். சிறகு தலைக்கு நேர்மேலே நேராக நிற்பதற்கு முன் முழு விசை கொடுத்தால், அது விமானியை முகம் குப்புறத் தரையில் தள்ளும்.

கை பத்திரம்

ஏறத்தாழ 1.3 மீட்டர் குறுக்களவுள்ள புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றும்போது அதன் நுனி மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இன்ஜின் இல்லாத பாராகிளைடிங்கில் அதிகம் அடிபடுவது கால்கள். பாராமோட்டாரிலோ அதிகம் அடிபடுவது கைகள். அமெரிக்க விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான மருத்துவக் கட்டுரை இதைத்தான் காட்டியது. சுழலும் புரொப்பல்லரில் உடம்பு படுவதுதான் முக்கியக் காரணம். அதுவும் வானத்தில் அல்ல, தரையில், இன்ஜினை இயக்கும் நேரத்தில். தரையில் வைத்த இன்ஜின் எதிர்பாராமல் முழு வேகம் பிடித்துத் துள்ளிவிடும். புரொப்பல்லரைச் சுற்றியுள்ள கூண்டின் வலைக்கயிறு அந்த நேரத்தில் கையைக் காப்பாற்றாது. சுற்றி வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை, முக்கியமாகப் புரொப்பல்லரின் பக்கவாட்டில் நிற்பவர்களை, நன்றாகத் தள்ளி நிறுத்திவிட்டுத்தான் இன்ஜினைத் தொடவேண்டும். நம் ஊர்களில் ஒரு பாராமோட்டார் இறங்கினால் ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கிளம்பும் அந்த அரை நிமிடம்

முதலில் தொடை வார். இரண்டு தொடைகளையும் சுற்றிவரும் வார்களை மாட்ட மறந்து கிளம்பியவர்கள், மேலே போனபின் ஹார்னஸிலிருந்து நழுவி விழுந்து இறந்திருக்கிறார்கள். அனுபவசாலிகளும் இதில் உண்டு. எத்தனை ஆண்டு பறந்திருந்தாலும், கிளம்புமுன் கையால் தொட்டுப் பார்க்கவேண்டிய முதல் இடம் தொடை வார்தான்.

அடுத்து ஹெல்மெட், சிறகை இணைக்கும் கொக்கிகள், இன்ஜினை உடனே அணைக்கும் கில் சுவிட்ச். கில் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ஒருமுறை அணைத்தே பார்க்கவேண்டும். சிறகைத் தரையில் விரிக்கும்போது நேர்க்கோடாக விரிக்காமல் வில்லாக வளைத்து விரிப்பார்கள். அப்போதுதான் நடுப்பகுதி முதலில் காற்று வாங்கி, சிறகு கோணாமல் எழும். நூல்கள் ஒன்றோடொன்று சிக்காமலும், கல்லிலோ முள்ளிலோ மாட்டாமலும் இருக்கவேண்டும். அறுவடை முடிந்த சோளக்காடு பார்க்கத் திடல்போல இருக்கும். ஆனால் அதில் நிற்கும் சோளத்தட்டை ஒவ்வொன்றும் நூலைப் பிடிக்கும்.

காற்று மெலிதாக இருந்தால் முன்பார்த்து ஓடிச் சிறகை எழுப்புவார்கள். 10, 12 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் சிறகைப் பார்த்துத் திரும்பி நின்று எழுப்பி, அது நிலைத்தபின் முன்பக்கம் திரும்புவார்கள். இரண்டிலும் முக்கியமான கணம் ஒன்றே. சிறகு தலைக்கு மேல் வந்ததும் நிமிர்ந்து ஒரு பார்வை. நேராக, முழுதாக விரிந்து, நூல் சிக்காமல் நிற்கிறதா? நின்றால் விசை கொடுத்து ஓடலாம். கொஞ்சம் கோணினாலும் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கவேண்டும். ஓடிக்கொண்டே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தவர்களுடைய புரொப்பல்லர்தான் உடைகிறது, சில சமயம் முழங்காலும். நான்கு முறை நிறுத்தி ஐந்தாம் முறை கிளம்புகிறவரை நல்ல விமானி என்று நான் மதிப்பேன்.

கால் தரையை விட்டதும் உட்கார்ந்துவிடக் கூடாது. சீக்கிரம் உட்கார்ந்தால் சிறகு கொஞ்சம் தாழ்ந்தாலும் இடுப்போடு தரையில் மோதவேண்டி வரும். குதிக்கவும் கூடாது. சிறகே தூக்கிக்கொண்டு போகும்வரை காற்றில் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். பிறகு நேராக ஏறி, போதிய உயரம் வந்தபின் மெல்லத் திரும்பலாம். தாழ்வாக இருக்கும்போது காற்றோடு திரும்பினால் தரை வேகமாக ஓடுவதைக் கண்டு பயந்து பிரேக்கை அதிகம் இழுத்துவிடுவார்கள். சிறகு பறப்பதை நிறுத்துவது அங்கேதான். ஆபத்துக்கால பாராசூட் இருக்கிறதே என்றால், அது விரியவும் உயரம் வேண்டும்.

முறுக்கு விசை

புரொப்பல்லர் ஒரு பக்கம் சுற்றினால் விமானியின் உடல் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். முழு விசையில், பிரேக்கையும் அழுத்திப் பிடித்தபடி ஏறினால் இந்தத் திருகல் கூடி, சிறகின் நூல்களை ஹார்னஸோடு இணைக்கும் ரைசர் வார்கள் முறுக்கிக்கொள்ளும். மருந்து எளிது: விசையைக் குறை, கையைத் தளர்த்து.

ஏலக்காட்டில் இறங்க இடமில்லை

ஏலச்செடி நிழலில் வளர்வது. ஓங்கி வளர்ந்த மரங்களுக்குக் கீழே, 600 முதல் 1,500 மீட்டர் உயரம் வரை பரந்திருக்கிற தோட்டங்கள் மேலிருந்து பார்த்தால் மெத்தைபோல் பச்சையாகத் தெரியும். உண்மையில் அது பல மீட்டர் உயரத்துக்கு நிற்கும் மரக்கூட்டம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் எந்த நொடியிலும் நின்றுபோகலாம். லிட்டருக்கு 20 மில்லி என்கிற அளவில் எண்ணெய் கலக்கவேண்டிய பெட்ரோலில் அந்த அளவு தவறினாலும் நிற்கும். எனவே இன்ஜின் இப்போதே நின்றால் எங்கே இறங்குவேன் என்கிற கேள்விக்கு ஒவ்வொரு நிமிடமும் விடை இருக்கவேண்டும். ஏலமலைக்கு மேல் அந்த விடை பெரும்பாலும் கிடைக்காது.

ஏலமலை அடங்கிய கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலேயே வாகமண் பாராகிளைடிங்குக்குப் பெயர் பெற்றிருக்கிறது. 2024 மார்ச்சில் அங்கே பன்னாட்டு விழாவே நடந்தது. காரணம் அங்குள்ள மரமற்ற புல்வெளிக் குன்றுகள். கிளம்பவும் இடமுண்டு, மேலேயே திரும்பி இறங்கவும் இடமுண்டு.

வானில் போன தேயிலை

போடி மலையில் வான்வழிப் போக்குவரத்து நூறாண்டுக்கு முன்பே இருந்தது. மூணாறு தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போயின. டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை கொண்டுவந்த சிறு ரயில் பாதையை 1924 வெள்ளம் அழித்தது. இன்றைக்கு அந்தப் பக்கம் பறப்பவர் அஞ்சவேண்டியது மின்கம்பிகளுக்கு. மேலிருந்து கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பம்தான் தெரியும். இரண்டு கம்பங்களைக் கண்டால் நடுவே கம்பி இருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

காய்ந்த புல்

2018 மார்ச் 11 அன்று போடியை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறப் போனவர்களைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் மீட்புக்கு வந்தன. சரிவில் தீ எப்போதும் மேல்நோக்கி வேகமாக ஓடும். காற்றும் சேர்ந்தால் மனிதர் ஓட்டத்தை மிஞ்சும். மாசி முதல் சித்திரை வரை காய்ந்து கிடக்கும் அந்தப் புல்லில், பெட்ரோல் தொட்டியும் கொதிக்கும் புகைக்குழாயும் கொண்ட ஒரு கருவி விழுந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வனத்துறை அனுமதியில்லாமல் அந்தச் சரிவுகளில் கால் வைக்கவே கூடாது.

மேகம் இழுக்கும்

2007 பிப்ரவரி 14, ஆஸ்திரேலியாவின் மனில்லா. ஜெர்மனி அணிக்காகப் பறந்த ஏவா விஷ்னியெர்ஸ்கா என்கிற வீராங்கனையை ஓர் இடிமேகம் உள்ளே இழுத்துக்கொண்டது. அவருடைய கருவி பதிவு செய்த உயரம் 9,946 மீட்டர். நினைவிழந்து, பனி மூடி, உயிரோடு இறங்கினார். அதே மேகத்தில் அகப்பட்ட சீன வீரர் ஒருவர் இறந்துபோனார். சித்திரை, வைகாசி மாலைகளில் ஏலமலைமேல் திரளும் கோடைமழை மேகமும் அதே இனம்தான். தூரத்தில் இடி கேட்டாலே சிறகைச் சுருட்டிவிட வேண்டும்.

எங்கிருந்து வந்தது?

அறை அறையாகத் தைத்துக் காற்றால் நிரம்பும் சிறகை 1960களில் உருவாக்கியவர் அமெரிக்காவில் பட்டம் செய்துவந்த டொமினா ஜால்பெர்ட். 1978இல் பிரான்சின் மியூசி என்கிற மலையூரில் பாராசூட் வீரர்கள் மூவர் அதைச் சரிவிலிருந்து ஓடிக் கிளப்பினார்கள். பறப்பவரின் முதுகில் இன்ஜின் ஏறியது 1980களில்.

எவ்வளவு தூரம்?

2007இல் ஸ்பெயினின் ரமோன் மொரியாஸ் பாராமோட்டாரில் 1,105 கிலோமீட்டர் பறந்தார். 2016இல் இந்திய விமானப்படையின் ‘பிரதக்ஷிணா’ பயணக் குழு நாட்டைச் சுற்றிப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. அதே ஆண்டு சாஷா டென்ச், ரஷ்ய ஆர்க்டிக்கிலிருந்து இங்கிலாந்து வரை அன்னப்பறவைகளின் வலசைப் பாதையைப் பின்தொடர்ந்து வந்தார். 2021இல் ஸ்காட்லாந்தில் நடந்த விபத்தில் அவர் கடுமையாகக் காயமடைந்தார். உடன் பறந்தவர் இறந்தார். அனுபவம் ஆபத்தைக் குறைக்கும், போக்கிவிடாது.

சட்டம்

குடியரசு நாள், சுதந்திர நாள் காலங்களில் தில்லிக் காவல்துறை பாராமோட்டார்களைத் தடை செய்வது வழக்கம். 2018இல் சுற்றுலா அமைச்சகம் வெளியிட்ட சாகசச் சுற்றுலா வழிகாட்டுதல்களில் பாராமோட்டாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பயிற்சி, கருவிப் பராமரிப்பு, மீட்பு ஏற்பாடு எல்லாம் அதில் உண்டு. சுற்றுலாத் தலங்களில் சவாரி கொடுப்பவர்கள் இதைப் படித்திருக்கவேண்டும். 2023 மார்ச்சில் கேரளத்தின் வர்க்கலையில், சுற்றுலாப் பயணியோடு கிளம்பிய பாராகிளைடர் கடற்கரை உயர்கோபுர விளக்கில் சிக்கி இருவரும் அந்தரத்தில் தொங்கினார்கள். உயிர் தப்பியது பெரிய விஷயம்.

ஆசை இருந்தால்

பழைய பாராமோட்டாரை வாங்கி, வீடியோ பார்த்துத் தானே கற்றுக்கொள்ளலாம் என்கிற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மகாராஷ்டிரத்தின் காம்ஷெட்டிலும் இமாச்சலத்தின் பீர் பில்லிங்கிலும் பாராகிளைடிங் பள்ளிகள் உண்டு. அங்கே முதல் பாடம் இன்ஜின் இல்லாமல் தரையில் சிறகைக் கையாள்வது. அது கைவந்த பிறகு இன்ஜினுக்குப் போகலாம். சவாரி மட்டும் போகிறவர்கள் விமானியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கே பயிற்சி பெற்றீர்கள்? ஆபத்துக்கால பாராசூட்டை எப்போது மறுபடி மடித்தீர்கள்? இன்ஜின் நின்றால் எங்கே இறங்குவோம்? பதில் சொல்லத் தயங்குகிறவரோடு ஏறாதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.